வரைபடத்தில் பை சார்ட்: கீழ்பவானி ஆயக்கட்டில் பட்ட பாடு

எங்கள் விவசாயிகள் சங்கம் கொடுக்கவிருந்த மனுவோடு ஒரு வரைபடத்தை இணைக்க வேண்டியிருந்தது. 2,07,000 ஏக்கர் கொண்ட கீழ்பவானி ஆயக்கட்டில் (வாய்க்கால் பாசனத்துக்கு உட்பட்ட நிலப்பரப்பில்), எங்கள் பகுதியின் ஒவ்வொரு வருவாய்க் கிராமமும் வாய்க்கால், கிணறு, ஆழ்குழாய், மானாவாரி ஆகிய நான்கில் எதை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதை ஊருக்கொரு பை சார்ட்டாக, அதாவது துண்டுகளாகப் பிரித்த வட்டமாக, காட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. வரைபடம் தயாரிக்கும் கியூஜிஐஎஸ் இலவச மென்பொருள் என்பதால் அதை நிறுவுவதிலோ கிராம எல்லைக் கோப்பைத் திறப்பதிலோ சிரமம் எதுவும் இல்லை.

சிரமம் புள்ளிவிவரத்தில் இருந்தது. அலுவலகத்தில் கேட்டபோது அச்சடித்த தாள்கட்டு ஒன்றைத் தந்த எழுத்தர், "எல்லாமே இதுல இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வேறு வேலையில் மூழ்கிவிட்டார். கணினிக் கோப்புதான் வேண்டும் என்று வற்புறுத்தியதற்கு மேலதிகாரியின் ஒப்புதல் தேவை என்றார். மேலதிகாரியோ முகாமில் இருந்தார். ஒருவழியாகக் கிடைத்த கோப்பு யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் இருந்ததால், என் கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக விரிந்தது. யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் பல ஊர்கள் எல்லைக் கோப்போடு இணைய மறுத்தன. "நசியனூர்" என்பது ஒரு கோப்பில் சரியாகவும் மற்றொன்றில் "நசியனுார்" என்று துணைக்கால் போட்டும் இருந்தது. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வேறு வேறு ஊர்கள். போதாக்குறைக்கு, கொங்கு நாட்டில் புதுப்பாளையம் என்ற ஒரே பெயருள்ள ஊர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே இரண்டு கோப்பிலும் கிராமக் குறியீட்டு எண் இருக்குமாறு கேட்டு வாங்குங்கள். பெயரை வைத்து இணைக்க முயலாதீர்கள்.

அடுத்த தடை அட்டவணையின் அமைப்பு. பட்டியலில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் (நிலத்தின் சர்வே எண்ணுக்கும்) ஒரு வரி. பாசன வகை ஒரே நெடுவரிசையில் சொல்லாக எழுதப்பட்டிருந்தது. வரைபடத்தின் மேல் பை சார்ட் வரையும் கியூஜிஐஎஸ்ஸின் டயகிராம்ஸ் பகுதிக்கு இது பயன்படாது. ஒரு கிராமத்துக்கு ஒரே வரியும், ஒவ்வொரு வகைக்கும் எண் நிரம்பிய தனி நெடுவரிசையும் அதற்கு வேண்டும். தரவைத் தொகுத்துக் கூட்டித் தரும் எக்செல் பிவட் டேபிளில் கிராமத்தை வரியிலும் வகையை நெடுவரிசையிலும் வைத்து, ஹெக்டேர் பரப்பைக் கூட்டினால் இந்த வடிவம் கிடைத்துவிடும். புல எண்களை எண்ணினால் ஐந்து சென்ட் துண்டும் ஐந்து ஏக்கர் தோட்டமும் சமமாகிவிடும் என்பதால் பரப்பைக் கூட்டுவதே முறை. பரப்பு இல்லாத இடங்களில் யாரோ சிறுகோடு போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கோடு ஒன்று இருந்தாலே முழு நெடுவரிசையும் எழுத்தாகக் கருதப்படும் என்பதால், அங்கெல்லாம் சுழியம் இட வேண்டியிருந்தது.

சங்கத்து இளைஞர்கள் கைபேசியில் குறித்து அனுப்பிய கிணற்றுப் புள்ளிகளோ, அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியதால், ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய கடலில் போய் விழுந்தன. எங்கள் பகுதிக்கு எக்ஸ் (தீர்க்கரேகை) என்பது 77-ஐ ஒட்டியும், ஒய் (அட்சரேகை) என்பது 11-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும்.

எல்லாம் கூடிவந்து வட்டங்கள் தோன்றியபோது பாதி ஊர்களைக் காணவில்லை. ஒன்றன்மேல் ஒன்று விழும் வட்டங்களை மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராமல் மறைத்துவிடுகிறது. ரெண்டரிங் பகுதியில் "ஷோ ஆல் டயகிராம்ஸ்" என்பதைத் தேர்ந்த பின்பே அவை வெளிப்பட்டன. வட்டத்தின் அளவை ஊரின் மொத்தப் பரப்புக்கேற்ப மாற்றும்போது "ஏரியா" (வட்டத்தின் பரப்பு) என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். விட்டத்தை வைத்து அளந்தால் இரு மடங்கு பெரிய ஊர் நான்கு மடங்காகத் தெரியும்; மனுவில் அப்படியொரு மிகை இருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

வண்ணப் பிரதி ஒன்றுக்கு மேல் எடுக்கச் சங்கத்தில் பணமில்லை. கருப்பு வெள்ளை ஜெராக்ஸில் நான்கு வண்ணங்களும் ஒரே சாம்பலாகிவிட்டதால், மற்றப் பிரதிகளுக்கு மட்டும் பை சார்ட்டைக் கைவிட்டு, பட்டைகளாகக் காட்டும் ஹிஸ்டோகிராமுக்கு மாறினேன். பட்டைகள் எப்போதும் ஒரே வரிசையில் நிற்பதால், வண்ணம் போனாலும் இரண்டாவது பட்டை கிணறுதான் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது.