இருபது புள்ளி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் நான் கிளினிக் திறந்து பதினோரு வருடமாகிறது. காலையில் வருகிற பத்துப் பேரில் மூன்று பேராவது சொறிந்துகொண்டேதான் உள்ளே வருவார்கள். சுற்றிலும் ரப்பர் பால்மரம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது; வெக்கையும் வியர்வையும் மட்டும் எங்கும் போகவில்லை. நான் தோல் நிபுணர் இல்லை, சளி காய்ச்சல் முதல் சர்க்கரை வரை எல்லாவற்றையும் பார்க்கும் சாதாரண டாக்டர். ஆனால் ஈப்போவுக்குப் போய் நிபுணரைப் பார்க்க ஒருநாள் சம்பளத்தை விட வேண்டும், வண்டிக்கு ஆள் பிடிக்க வேண்டும். அதனால் இங்கே தோலுக்கும் நான்தான்.

மலேசியாவில் டாக்டர்கள் ஆண்டுதோறும் பணிச் சான்றிதழைப் புதுப்பிக்க 20 சிபிடி புள்ளிகள், அதாவது தொடர்ந்து படிக்கிறோம் என்பதற்கான புள்ளிகள், காட்ட வேண்டும். கருத்தரங்கு, பட்டறை, ஸூம் உரை எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உள்ளதைச் சொன்னால், பல வருடம் நான் புள்ளி சேர்த்தேனே தவிரப் படித்தேன் என்று சொல்ல முடியாது. இரவு ஒன்பது மணிக்கு ஸூமைத் திறந்து வைத்துவிட்டு இட்லிக்கு மாவு அரைத்திருக்கிறேன். மருந்துக் கம்பெனி சாப்பாடு போடும் ஹோட்டல் உரைகளுக்குப் போய், சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு வந்திருக்கும் புது ஊசிகளைப் பற்றிக் காலை முழுவதும் கேட்டிருக்கிறேன். என் நோயாளிகள் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத விலை. அங்கேயும் ஒன்று உருப்படியாகக் கிடைத்தது: சொரியாசிஸ் உள்ளவரிடம் காலையில் விரல் விறைக்கிறதா என்று கேள், நகத்தில் குண்டூசியால் குத்தியது போலக் குழி இருக்கிறதா பார், நோய் மூட்டுக்கும் இறங்கும் என்றார்கள். அன்றிலிருந்து நகத்தைப் பார்க்காமல் அவர்களை அனுப்புவதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு.

செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் அக்கா ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். இரண்டு சட்டை, தலையில் துணி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். இடுப்பில், சிலுவார் (கால்சட்டை) ரப்பர் இறுக்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கருத்துப்போன தடிப்பு. அன்று வெளியே கூட்டம். நான் நாற்காலியை விட்டுக்கூட எழவில்லை. அரிப்புத்தானே என்று ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து மூன்றும் கலந்த கிரீம் ஒரு டியூப் கொடுத்து அனுப்பினேன். நோய் என்னவென்று தெரியாதபோது எதற்கும் இருக்கட்டும் என்று கொடுக்கிற மருந்து அது. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மூன்று வாரத்தில் திரும்ப வந்தார். “டாக்டர், போன தடவை கொடுத்தீங்களே அந்த வெள்ளை டியூப், அது நல்லா கேட்டுச்சு. அதையே இன்னொண்ணு கொடுங்க.” கொடுத்தேன். அப்புறம் இன்னொன்று. மருந்து கேட்கிறது என்று நோயாளியே சொல்லும்போது மேலே யோசிக்க யாருக்குத் தோன்றும்? கேட்டது அரிப்பு மட்டும்தான். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிவிடும். அடியில் பூஞ்சை ஆற அமர வளரும்.

நான்காவது மாதம் ஈப்போவில் ஒரு சனிக்கிழமைப் பட்டறை. சத்தியமாகப் புள்ளிக்காகத்தான் போனேன். பேசிய தோல் நிபுணர் முதல் படத்தைப் போட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே இடுப்பு, அதே தடிப்பு. படர்தாமரை என்றால் வட்டமாக, ஓரம் எழும்பி, செதிலோடு இருக்கும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். ஸ்டீராய்டு தடவினால் ஓரம் அழிந்துவிடும், செதில் போய்விடும், சில சமயம் வளையத்துக்குள் வளையம் வரும். 1968இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் இருவர் இதற்கு டீனியா இன்காக்னிட்டோ என்று பெயர் வைத்தார்கள். வேஷம் போட்ட படர்தாமரை என்று சொல்லலாம். வேஷம் கட்டிவிடுவது டாக்டர். “இந்த மூன்று கலவை கிரீமை இந்த மாதம் எழுதிக் கொடுத்தவர்கள் கை தூக்குங்கள்” என்றார். ஒருவரும் தூக்கவில்லை. நானும்தான்.

அன்று இன்னொன்றும் உறைத்தது. நாங்கள் படித்த புத்தகங்களில் வீக்கம், அழற்சி எல்லாம் ‘சிவந்து’ இருக்கும். நம் தோலில் எங்கே சிவக்கிறது? சாம்பலாகும், ஊதாவாகும், அல்லது வெறுமனே இன்னும் கருக்கும். 1975இல் ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் வெயிலுக்குத் தோல் என்ன செய்கிறது என்று வகை பிரித்தபோது வெள்ளைத் தோலைத்தான் பிரித்தார். பழுப்பும் கருப்பும் ஐந்தாவது, ஆறாவது வகைகளாகப் பிறகு சேர்ந்தவை. நிறத்தை நம்பாதே, தொட்டுப் பார், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார் என்றார் நிபுணர். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தோட்டத்தில் டிரெஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், நான் கிளினிக் திறந்த புதிதில் இதையே சொன்னார்: “பாப்பா, லைட்ட அணைச்சிட்டு டார்ச்ச சைடுல அடிச்சுப் பாருங்க. மேடு பள்ளம் தானா தெரியும்.” தலையாட்டிவிட்டு மறந்துபோனேன். அவர் சொன்னதற்குப் புள்ளி கிடையாது.

மதியத்துக்கு மேல் கைவேலை. தடிப்பின் நடுவில் இல்லை, ஓரத்தில் சுரண்ட வேண்டும். கத்தியின் மழுங்கிய பக்கம் போதும். மாவு போல உதிர்வதைக் கண்ணாடித் தகட்டில் விழ வைத்து, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய தகட்டை மூடி, பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். செல்கள் கரைந்து தெளியும். பிறகு மைக்ராஸ்கோப்பில் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தால், பூஞ்சை இழை செல்களின் எல்லைக்கோட்டைச் சட்டை செய்யாமல் குறுக்கே ஓடும், ஆங்காங்கே கிளை பிரியும். மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை செய்தது. அதற்குப் பிறகு இருபது வருடம் தொடவில்லை.

பழைய மைக்ராஸ்கோப் ஒன்றை வாங்கி மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தேன். முதல் வாரம் நான் பூஞ்சை என்று கொண்டாடியதெல்லாம் பஞ்சு நூல்.

அக்காவுக்கு ஆள் அனுப்பி வரச்சொன்னேன். இந்த முறை திரைக்குப் பின்னால் முழுதாகப் பார்த்தேன். இடுப்பில் இருந்தது தொடையிடுக்கு வரை இறங்கியிருந்தது. கூச்சத்தில் அவர் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கே ஊதா நிறத்தில் நாலைந்து வரிகள், பிள்ளை பெற்ற வயிற்றில் இருக்குமே அது போல. ஸ்டீராய்டு தோலை மெலிய வைத்ததால் வந்தவை. நிறம் மங்கும், வரி போகாது. சுரண்டி வைத்துப் பார்த்தால் தகடு முழுக்க இழைகள், மழைக்குப் பிறகு லாலான் புல் மண்டினாற்போல. “நான் கொடுத்த மருந்துதான்கா இதைப் பெருசாக்கிடுச்சு” என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “சரி, இப்ப என்ன செய்யணும்?” என்றார்.

கிரீமை நிறுத்தி, பூஞ்சைக்கு டெர்பினாஃபைன் மாத்திரை கொடுத்தேன். அரிப்பு முன்னைவிட அதிகமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரு மாதமாகியும் பாதிதான் அடங்கியது. அந்தச் சமயத்தில் வந்த ஸூம் உரைக்கு மாவு அரைக்காமல் உட்கார்ந்தேன். இந்தியா, நேபாளம், வங்காளதேசம் பக்கம் பரவியிருக்கும் ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று தனிப் பெயர் கொடுத்தார்களாம். டெர்பினாஃபைன் போய்த் தாக்க வேண்டிய நொதியே அதில் பல சமயம் மாறியிருக்கும், மருந்து கேட்காது. அக்காவின் உடம்பில் இருந்தது அதுதானா என்று என் மைக்ராஸ்கோப் சொல்லாது. ஆனால் அவர் தோட்டத்தில் கூட வேலை செய்பவர்களில் பாதிப் பேர் நேபாளமும் வங்காளதேசமும்.

கல்லீரலுக்கு ரத்தம் சோதித்துவிட்டு இட்ராகோனசோல் என்ற வேறு பூஞ்சை மருந்து கொடுத்தேன். அந்தக் கேப்சூலைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். வயிற்றில் அமிலம் குறைந்தால் உடம்பில் சேராது. “கேஸ்டிரிக் மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?” என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். பார்மசியில் வாங்கியதாம், தினமும் காலையில் ஒன்று. அதையும் நிறுத்தினேன். இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. கடைசியில் வெறும் கருந்தழும்பு, தொட்டால் வழுவழுப்பு. பக்கவாட்டில் டார்ச் அடித்தும் பார்த்தேன்.

கடைசி நாள் எழுந்து போகும்போது கதவருகே நின்று சொன்னார்: “டாக்டர், அந்த வெள்ளை டியூப் நல்லதுன்னு லயத்துல நாலஞ்சு பேருக்குக் கொடுத்திருந்தேன். அவங்களும் இப்ப பார்மசியில அதையே வாங்கித் தடவுறாங்க.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டி வரச் சொன்னேன். ஆறு பேர் வந்தார்கள், அதில் இருவர் நேபாளப் பையன்கள். முதல் இரண்டு தகட்டிலும் இழை தெரிந்தது. மூன்றாவதில் வெறும் துணி நூல். அந்த அம்மாவைத் திரும்ப உட்காரச் சொல்லி, ஓரத்தில் இன்னொரு முறை சுரண்டினேன்.