ஒட்டிக்கொண்ட வளையம்

"டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். இரண்டு மணி நேரமாக அசையாத வளையம், கார்ச் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பிலிருந்து நழுவியது.

காங்கேயம், எங்கள் வீட்டு வாசல், வேப்பமரத்தடி. சக்கரம் இலகுவாகச் சுழல உதவும் முன்சக்கர பேரிங்கைக் கழற்றும்போது அது இரண்டாகப் பிரிந்து, உள்வளையம் மட்டும் ஹப்பைக் கவ்விக்கொண்டது. இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரின் கால்களுக்குப் பிடிமானமே இல்லை. சுத்தியலை ஓங்கினேன்.

கட்டிலில் இருந்த அப்பாரு (தாத்தா) தடுத்தார். "அடிக்காதே கண்ணு. வளையத்துக்கு மட்டும் சூடு காட்டு. உள்ளே இருக்கும் ஹப் சூடாவதற்குள் இழு."

கேஸ் டார்ச்சைச் சுற்றிலும் காட்டினேன். வெள்ளை எஃகு வைக்கோல் நிறமாகி, பிறகு மயில் கழுத்தைப் போல நீலம் பாய்ந்தது. அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. (தூக்கிப்போடும் பழைய பேரிங் என்பதால் செய்தேன். புதியதற்கு இந்த நெருப்பு ஆகவே ஆகாது.)

40 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு வளையம், வெப்பம் 100 டிகிரி ஏறினால் சுமார் 0.05 மில்லிமீட்டர்தான் விரியும். அந்த மயிரிழை போதுமாக இருந்தது.

அப்பாரு டார்ச்சைத் தொட்டதே இல்லை. ஆனால் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்து வளர்ந்தவர். வரட்டி அடுக்கித் தீமூட்டி, இரும்புப் பட்டையைக் காய்ச்சி, மரச்சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். சீறிச் சுருங்கி மரத்தை இறுக்கிக்கொள்ளும். மாட்டவும் நெருப்பு, கழற்றவும் அதே நெருப்பு. எந்தப் பள்ளியிலும் படிக்காத இயற்பியல் அவர் கையில் இருக்கிறது.

வளையம் ஆறியதும் கேட்டு வாங்கினார். வேட்டி முனையால் துடைத்து, உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.