கையெழுத்துக்கு மேலே ஒரு இடம்

தவணைத் தொடக்கம் என்றால் விசேட கல்வி அலகில், அதாவது பள்ளிக்கூடத்தில் இயலாமையுள்ள பிள்ளைகளுக்கென்று இருக்கும் தனி வகுப்பில், படிப்பிக்கும் எங்களுக்கு ஒரே எழுத்து வேலை. ஒவ்வொரு பிள்ளையும் என்ன படிக்க வேண்டும் என்று பிள்ளைக்குப் பிள்ளை தனியாள் கல்வித் திட்டம் எழுத வேண்டும், கீழே பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். கையெழுத்து சுலபமாகக் கிடைத்துவிடும். அரைநாள் கூலியை விட்டுவிட்டு படுவான்கரையிலிருந்து பஸ் பிடித்து வரும் தாய், "எங்க மிஸ் வைக்கிற?" என்றுதான் கேட்பார். வாசித்துப் பாருங்கள் என்றால், "நீங்க எழுதினாச் சரிதானே" என்பார். சண்டை வருவது மறுகாதான்.

பெரும்பாலும் பிள்ளை எந்த அறையில் இருப்பது என்பதில்தான் இழுபறி. வீட்டாருக்குச் சாதாரண வகுப்பு வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு அலகு. நான்காம், ஐந்தாம் தரங்களில் இது இன்னும் சூடாகும். புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது, பெறுபேறு இறங்கிவிடும் என்ற பயம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லாம் "பிள்ளைட நன்மைக்கு". வகுப்பாசிரியையையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, அத்தனை பிள்ளைகளோடு தனியாக நிற்பவர்.

ஒரு தகப்பன், சின்னப் பலசரக்குக் கடைக்காரர். மகனுக்கு ஓட்டிசம். திட்டத்தில் 'எண்ணறிவை விருத்தி செய்தல்' என்று இருந்தது. போன தவணையிலும் அதே வரிதான். "கடையில சில்லறை பிரிக்கிறவன் சேர் இவன். இங்க இன்னும் ஒண்டு ரெண்டு எழுதுறான்" என்றார். வீடு வேறு, வகுப்பு வேறு என்றார் அதிபர். தகப்பன் சட்டைப் பையிலிருந்த நாணயங்களை மேசையில் கொட்டினார். பையன் ஐந்தையும் பத்தையும் பிரித்து அடுக்கினான். முப்பது கேட்டதும் மூன்று பத்தைத் தள்ளிவிட்டான். "இதில எத்தனை ரூபா?" என்று அதிபர் கேட்டபோது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆக, இரண்டு பேர் சொன்னதும் சரி!

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, திட்டத்தில் உடன்பாடில்லாத பெற்றோர் பாரபட்சமற்ற ஒருவர் முன் விசாரணை கேட்க வழி வைத்தார்கள். இலங்கையில் எங்களுடைய 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிப் பள்ளி அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் சேர்த்த பிறகு வகுப்புக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதில்தானே எங்கள் சண்டை? அது அதிபர் அறையில் தொடங்கி அங்கேயே முடிகிறது, அநேகமாகப் பெற்றோர் வாயை மூடிக்கொள்வதில்.

அன்று கணித பாடத்துக்கு மட்டும் வகுப்பில் விட அதிபர் இணங்கினார். தொடக்கத்தில் நான் பக்கத்தில் இருப்பதாக ஏற்பாடு. 'எண்ணறிவு' போய், 'தொகையை எழுதிக் காட்டினால் நூறு ரூபாய்க்குள் சில்லறை கொடுப்பார்' என்று வந்தது. தகப்பனுக்கு அது போதவில்லை. அப்படியானால் அதையும் எழுதுங்கள் என்றேன். 'மற்றப் பாடங்களுக்கும் வகுப்பில் விட வேண்டும்' என்று எழுதி, அதன் கீழே கையெழுத்து வைத்தார்.

அதற்குப் பிறகு எல்லாத் திட்டத்திலும் அப்படி ஓர் இடம் விடுகிறேன். வீண் வில்லங்கம் என்று சக ஆசிரியர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எழுதாத மனக்குறை ஊர் முழுக்கச் சுற்றித் திரிவதை விட இது மேல் என்பது என் எண்ணம். அநேகம் பேர் வெறுமையாகவே விடுகிறார்கள். போன தவணையில் ஒரு தாய், 'பேச்சுப் பயிற்சி எங்கே?' என்று எழுதியிருந்தார். பேச்சு சிகிச்சையாளர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை. அந்தத் தாளைப் பிரதி எடுத்து வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.