விலையை எங்கே வைப்பது?

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் மாமாவுக்காக, பில் போடும் புரோகிராம் ஒன்றை சி பிளஸ் பிளஸில் எழுதினேன். குமுளி, வண்டன்மேடு பக்கமிருந்து மூட்டைகள் வரும். ஒரு மூட்டையின் விவரங்களை ஒன்றாகக் கட்டிவைக்கும் 'மூட்டை' என்ற கிளாஸுக்குள் எடை, ரகம், அன்றைய விலை மூன்றையும் உறுப்புகளாக, அதாவது மூட்டையோடு சேர்ந்தே சேமிக்கப்படும் விவரங்களாக, வைத்துவிட்டேன். அங்கேதான் தவறு. ஏலத்தில் விலை ஏறியது; நான் விலையை மாற்ற மறந்த மூட்டை முந்தின நாள் விலையிலேயே பில் ஆனது. ஒரு விவசாயிக்குப் பணம் குறைந்துபோனது. இரண்டு நாள் மனசே சரியில்லை.

எடை மூட்டையோடு கூடவே இருப்பது. விலை சந்தையுடையது. அதனால் விலையை உறுப்பிலிருந்து எடுத்து, தொகை கணக்கிடும் ஃபங்ஷனுக்கு அளவுருவாக, அதாவது அதைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் தரவேண்டிய மதிப்பாக, கொடுத்தேன். இப்போது விலை தராமல் அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டால், நாம் எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலரே விடாது.

"காய் காய்ந்தால் எடை குறையுமே மாப்ளே?" என்றார் மாமா. சரிதான், ஆனால் அது அந்த மூட்டையின் நிலை. உறுப்பாகவே இருக்கட்டும் என்றேன்.