சிம்கோ ஏரியில் இரண்டு கூடாரங்களும் 110 டொலர் வாடகையும்

அந்த வாடகைக் கடைக்காரர் மேல் இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். தொலைபேசியில் கேட்டபோது, உறைந்த ஏரி மேல் விரித்து மீன் பிடிக்க, நாலு பேர் இருக்கக்கூடிய, பஞ்சு வைத்துத் தைத்த இன்சுலேற்றட் ஐஸ் கூடாரம் ஒரு நாளைக்கு 60 டொலர் என்று தேன் ஒழுகச் சொன்னார். விடியக்காலை இருட்டில், மூக்கு விறைக்க விறைக்கப் போய் நின்றால், ஐஸில் திருகுகிற ஆணிகளுக்கு 10, இழுத்துக்கொண்டு போகிற ஸ்லெட்டுக்கு 15, அதற்கு மேல் கூடாரம் ஈரமாகத் திரும்பி வந்தால் உலர்த்துகிற கூலி 25. ஐஸ் மேல் விரிக்கிற கூடாரம் பின்னே காய்ந்தா திரும்பி வரும்? ஆணி இல்லாமல் அதை எங்கே நிறுத்துவது? மொத்தம் 110 டொலர். அந்த நேரத்தில் வேறு கடை திறந்திருக்காது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கட்டினோம்.

காசு போனாலும், பல நாளாக மச்சானும் நானும் கதைத்துக் கதைத்து முடியாமல் கிடந்த ஒரு விஷயத்துக்கு விடை கிடைத்தது. உறைந்த ஏரியில் மீன் பிடிக்க விரிக்கிற மடிப்புக் கூடாரம் வாங்குவதென்றால் சாதாரணத் துணியில் வாங்குவதா, பஞ்சு வைத்துத் தைத்த இன்சுலேற்றட் வாங்குவதா? மச்சானிடம் கழிவு விலையில் எடுத்த சாதாரணம் ஒன்று இருக்கிறது. வாடகைக்கு எடுத்தது இன்சுலேற்றட். இரண்டையும் ஒரே நாளில் ஒரே ஐஸில் பக்கத்துப் பக்கத்தில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதுதான் திட்டம். மச்சானும் அவருடைய நண்பரும் ஒன்றில், மாமாவும் நானும் மற்றதில். விலை, சூடு, பாரம் என்று ஒழுங்காக எழுதத்தான் நினைத்திருக்கிறேன், எழுத வருகிறதோ பார்ப்போம்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து வடக்கே போகிற 404 நெடுஞ்சாலையைப் பிடித்து, அது முடிகிற இடம் வரை போய், கெஸ்விக் பக்கம் திரும்பினால் குக்ஸ் பே. சிம்கோ ஏரியின் தெற்கு வால் அது, ஆழம் குறைவு, பேர்ச் மீனுக்குப் பேர் போனது. லேக் ட்ரவுட், வைற்ஃபிஷ் வேண்டுமென்றால் வடக்கே ஜாக்சன்ஸ் பொயின்ற் பக்கம் ஆழத்துக்குப் போக வேண்டும், அங்கே ஸ்னோமொபீல் என்கிற பனி வண்டி இல்லாமல் நடந்து போவது வீண் வேலை. குக்ஸ் பேயில் நடக்கலாம். வண்டியை விட ஒரு வீட்டுக்காரர் தன் முற்றத்துக்கு 20 டொலர் வாங்கினார், அதையும் பட்ஜெட்டில் சேருங்கள். மாமாவுக்கு மட்டும் அன்று செலவே இல்லை. ஒன்ராறியோவில் 65 வயது தாண்டியவர்களுக்கு மீன்பிடி அனுமதிப் பத்திரம் வாங்கத் தேவையில்லை, அதை வழி முழுக்கச் சொல்லிச் சொல்லியே வந்தார்.

ஐஸ் அன்று நல்ல தடிப்பு, ஓகர் போட்டுத் துளைத்துப் பார்த்ததில் ஓர் அடிக்கு மேல். ஆள் நடக்கத் தெளிந்த நீல ஐஸ் குறைந்தது 10 சென்ரிமீற்றர் வேண்டும். பனி ஊறி உறைந்த வெள்ளை ஐஸ் என்றால் அதில் பாதிப் பலம்தான், அதற்கு இரண்டு மடங்கு தடிப்புப் பாருங்கள். கரையில் கேட்டுவிட்டு இறங்குங்கள், யூடியூப்பை நம்பி இறங்காதீர்கள்.

சரி, பாரம். இரண்டுமே ஹப் வகை, அதாவது ஒவ்வொரு பக்கச் சுவரின் நடுவிலும் இருக்கிற குமிழைப் பிடித்து இழுத்தால் கம்பிகள் வெளியே தள்ளி 'டப்' என்று விரியும். மச்சானுடைய பையை அவர் ஒரு தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். எங்களுடையது அதே அளவுதான், ஆனால் பஞ்சு வைத்த துணி பருத்து, பையில் பிதுங்கிக்கொண்டு, தூக்கினால் இன்னும் சில கிலோ கூட. ஸ்லெட்டில் வைத்து இழுத்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் கொரோலாவின் பின்சீற்றை மடித்து, மாமாவின் தலைக்குப் பக்கத்தால் குறுக்கே கொடுத்துத்தான் கொண்டு வந்தோம். அந்த ஆளுயரப் பை சின்னக் காருக்கு உரியதில்லை.

விரிப்பது சுகம் என்று விளம்பரத்தில் காட்டுவார்கள். காற்றில்லாத நாளில் எடுத்த படம் அது. அன்று மைனஸ் 17, காற்றோடு சேர்த்தால் மைனஸ் 28 என்று காட்டியது. விரிந்த கூடாரம் காற்றைக் கண்டால் பட்டம்தான். அதனால் காற்று வருகிற பக்கத்து ஆணியை முதலில் திருகிவிட்டு, கயிற்றைக் கட்டிவிட்டு, அதற்குப் பிறகு விரியுங்கள். பக்கத்தில் ஒரு குழுவின் கூடாரம் உருண்டு ஓட, இரண்டு பேர் பின்னால் ஓடினதைப் பார்த்துக்கொண்டே இதை எழுதி வைத்தேன். கீழே தொங்குகிற பாவாடைத் துணி மேல் சுற்றிவரப் பனியை அள்ளிப் போட வேண்டும், இல்லாவிட்டால் எந்தப் பஞ்சு வைத்தும் பிரயோசனமில்லை, காற்று கீழால் வந்து காலைக் கடிக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கூடாரத்திலும் ஒரே மாதிரி மிஸ்டர் ஹீற்றர் நிறுவனத்தின் 'பட்டி' (Buddy) என்கிற கையில் தூக்கிப் போகிற எரிவாயு ஹீற்றர், குறைந்த வைப்பில் 4000 பிரிற்றிஷ் வெப்ப அலகு, கூடினதில் 9000. சூடு என்று மட்டும் பார்த்தால், கூட்டி வைத்தால் மச்சானின் கூடாரமும் சூடாகத்தான் இருந்தது, ஜாக்கெட்டைத் திறந்து போட்டுக்கொண்டு இருந்தார்கள். அங்கே பிரச்சினை குளிர் இல்லை. மழை.

உண்மையாகவே மழை. புறோப்பேன் எரியும்போது தண்ணீர் ஆவி வரும், ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர். சின்னப் பச்சைச் சிலிண்டர் ஒன்றில் இருக்கிறது ஒரு பவுண்ட், அது எரிந்து முடிய முக்கால் லீற்றர் தண்ணீர் கூடாரத்துக்குள் வந்துவிடுகிறது. அதற்கு மேல் இரண்டு பேரின் மூச்சு, பிளாஸ்க்கில் இருந்து ஊற்றுகிற தேத்தண்ணியின் ஆவி. வெளியே மைனஸ் 17 பட்டுக்கொண்டிருக்கிற ஒற்றைத் துணியில் இதெல்லாம் போய் ஒட்டி உறையும். ஹீற்றரைக் கூட்டினால் உருகிக் கழுத்துக்குள் சொட்டும், குறைத்தால் மறுபடி உறையும், சுவரில் தோள் பட்டால் வெள்ளைத் தூளாகக் கொட்டும். பத்து மணிக்கு எட்டிப் பார்த்தபோது மச்சானின் நண்பர் தொப்பிக்கு மேல் கடைப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் கூடாரத்தில் தையல் ஓரங்களிலும் பிளாஸ்ரிக் ஜன்னலிலும் மட்டும் கொஞ்சம் வியர்வை, கூரை காய்ந்தே கிடந்தது. பஞ்சு வைத்த துணியின் உட்பக்கம் அவ்வளவு குளிராகாது, ஆவி அங்கே தண்ணீராக மாறாது, அவ்வளவுதான் விளக்கம். கடைக்காரர்கள் எல்லாரும் சூடு சூடு என்று விற்கிறார்கள், நான் விற்றால் நனையாது என்று சொல்லித்தான் விற்பேன். மைனஸ் 17-இல் நனைந்த உடுப்போடு கரைக்கு நடந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

எரிவாயு மிச்சம் என்றும் சொல்கிறார்கள். மிச்சம்தான், ஆனால் கணக்குப் போட்டேன். கூட்டி வைத்தால் ஒரு சிலிண்டர் இரண்டரை மணித்தியாலம்கூட வராது, குறைத்து வைத்தால் ஐந்துக்கு மேல் ஓடும். மச்சான் அந்த நாள் முடிவதற்குள் மூன்றை முடித்தார், எங்களுக்கு ஒன்றரை காணுமாயிருந்தது. தூண்டில் கடையில் ஒன்று 9 டொலர் (வேறெங்கும் இதைவிட மலிவு, முதலே வாங்கிப் போங்கள்). ஆக மிச்சம் 13 டொலர் சொச்சம். நான் கடைகளில் பார்த்த வரைக்கும் இதே அளவில் சாதாரணம் 300 டொலரைச் சுற்றி, இன்சுலேற்றட் 450-இல் தொடங்கி 600 வரை போகிறது, எல்லாவற்றுக்கும் மேல் 13 வீத வரி. எரிவாயுவை மட்டும் வைத்து அந்த வித்தியாசத்தைப் பிடிக்க ஒரு பன்னிரண்டு, பதின்மூன்று தடவையாவது போக வேண்டும். அதுவும், குழாய் பூட்டி 20 பவுண்ட் பெரிய சிலிண்டர் பாவிக்கிறவர்களுக்கு எரிவாயு மிக மலிவு, அவர்களுக்கு இந்த மிச்சமெல்லாம் சில்லறைக் காசு. எஸ்கிமோவோ கிளாமோ ஓட்டரோ, கூடாரம் செய்கிற எந்த நிறுவனத்தின் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், எரிவாயுக் கணக்கைக் காட்டி உங்களை யாரும் ஏமாற்ற விடாதீர்கள்.

இன்னொன்று, கதகதப்பாக இருக்கிறதென்று காற்றுத் துவாரங்களை மூடிவிடாதீர்கள். ஒட்சிசன் குறைந்தால் தானே அணைகிற உணரி அந்த ஹீற்றரில் இருக்கிறது, அது போதும் என்று இருக்கக் கூடாது, காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்றையும் கொண்டு போங்கள். துவாரம் திறந்திருந்தும் எங்களுக்குக் குளிரவில்லை. கால் மட்டும் குளிரும், ஏனென்றால் கீழே வெறும் ஐஸ். உடற்பயிற்சிக்கூடத்தில் போடுகிற பொருத்தும் நுரைப் பாய் நாலு துண்டு போட்டோம், அந்தச் சின்னச் செலவு செய்த வேலையைப் பஞ்சு வைத்த துணி செய்யவில்லை.

ஒழுங்கு இங்கேயே குழம்புகிறது, மன்னிக்கவும், மீனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கூடாரத்துக்குள் நல்ல இருட்டு. வெளியே வெயில் ஐஸுக்குள்ளால் இறங்கி வரும், அதனால் துளை பச்சையாக ஒளிரும். நாங்கள் போட்ட இடத்தில் ஆழம் பத்து, பன்னிரண்டு அடிதான், குனிந்து பார்த்தால் அடியில் இருக்கிற பாசி தெரிகிறது, பேர்ச் கூட்டம் ஒன்று வருகிறது, கறுப்புக் கோடுகள் தெரிகின்றன, ஒன்று இரையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறது, பின்னால் வந்தது கவ்வுகிறது! மாமா அறுபது வருடமாகத் தூண்டில் போட்டிருக்கிறார், மீன் இரையை எடுக்கிறதைக் கண்ணால் பார்த்தது இன்றுதான் என்றார். "தம்பி, இனி ஒருத்தரும் கதவைத் திறக்காதையுங்கோ" என்று எனக்குக் கட்டளை வேறு. சும்மா சொல்லக் கூடாது, இது சாதாரணக் கூடாரத்திலும் தெரியும், இருட்டாக இருந்தால் காணும். மச்சான் பக்கத்தில் ஆனால் குனிந்தவர்களின் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது.

மத்தியானம் வெளியே காற்று மறைவில் அடுப்பை வைத்துப் பொரித்தோம். கூடாரத்துக்குள் பொரிக்காதீர்கள், நெருப்புப் பயம் ஒன்று, பஞ்சுக்குள் ஏறின மீன் மணம் போகவே போகாது என்பது இன்னொன்று. பேர்ச்சின் செதில் அரம் மாதிரி, சுரண்டப் போனால் கை போய்விடும், தோலோடு உரித்து எடுப்பதுதான் கெதி. மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் தேசிக்காய், பாண், மாமி கட்டித் தந்த இடிச்ச சம்பல். அந்தக் குளிரில் சட்டியில் இருந்து வாய்க்குப் போகிற நேரத்துக்குள்ளேயே ஆறுகிறது, அதனால் ஒருத்தரும் தட்டு எடுக்கவில்லை, சட்டியைச் சுற்றி நின்றே முடித்தோம். ரொறன்ரோவில் எந்தக் கடையிலும் இப்படி ஒரு பொரித்த மீன் நான் தின்றதில்லை.

பிறகு மடிக்கிற வேலை. இன்சுலேற்றட் கூடாரத்தின் பெரிய குறை இங்கேதான். பாவாடை ஐஸோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் கிழியும், தட்டித் தட்டி எடுக்க வேண்டும். சாதாரணத் துணி வீட்டில் ஓர் இரவில் காய்ந்துவிடும். பஞ்சு வைத்தது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், விரித்துத் தொங்கவிடக் கராஜ் வேண்டும், மடித்தபடியே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பதினைந்தாம் மாடியில் இரண்டு அறையில் இருக்கிற என்னைப் போன்றவர்கள் அதை எங்கே விரிப்பது, கட்டில் மேலா? கடைக்காரரின் அந்த 25 டொலர் உலர்த்துகிற கூலியில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது என்று இந்த இடத்தில் தோன்றியது. அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்பதும் தோன்றியது.

வாங்குகிறதா இல்லையா என்றால், குளிர்காலத்துக்கு ஒன்றோ இரண்டோ தரம் போகிறவர்கள் இரண்டையும் வாங்காதீர்கள். ஏரி மேல் குடில் வாடகைக்கு விடுகிறவர்கள் எங்களிடம் ஆளுக்கு 80 டொலர் கேட்டார்கள், சூடாக்கின குடில், கொண்டுபோய் விடுகிற வண்டி, இரை எல்லாம் சேர்த்து. விலைதான், ஆனால் உலர்த்துகிற தலையிடி இல்லை. 2024 குளிர்காலத்தில் சிம்கோ ஒழுங்காக உறையவில்லை, அந்த வருடம் 600 டொலர் கொடுத்து வாங்கி வைத்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். மீனைத் தேடி அரை மணிக்கு ஒரு துளை மாறுகிற ஓட்டக்காரர்களுக்குப் பாரமில்லாத சாதாரணம் போதும், ஓடுகிற உடம்புக்குப் பஞ்சு தேவையில்லை. வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் ஒரே இடத்தில் நாள் முழுக்க இருக்கிறவர்கள், கராஜும் இருந்து, ஒரு சீசனில் ஐந்தாறு தரமாவது போவீர்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு இன்சுலேற்றட் வாங்குங்கள், பாதி விலையில் கிடைக்கிறது என்று மற்றதை எடுத்துவிட்டு மழையில் இருக்காதீர்கள். தரைப் பரப்பு ஏழு சதுர மீற்றருக்கு உட்பட்ட துணிக் கூடாரத்துக்கு ஒன்ராறியோவில் பதிவு இலக்கமும் தேவையில்லை, ஹப் வகையில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கும்.

பழையது எடுப்பதென்றால் ஒருமுறை விரித்துப் பார்த்து, நடுக் குமிழில் வெடிப்பு இருக்கிறதா, சிப் ஓடுகிறதா என்று பாருங்கள், உள்ளே தலையை விட்டு மணந்தும் பாருங்கள். புதியது என்றால் மார்ச் மாதக் கழிவு விலைக்குக் காத்திருங்கள். நாங்கள் மூன்று வீடு சேர்ந்து அப்படித்தான் ஒன்று எடுக்கப் போகிறோம். கராஜ் மச்சானிடம் இருக்கிறது, ஆனால் அவருடைய பங்கில் 50 டொலர் குறைக்கச் சொல்கிறார், உலர்த்துகிற கூலியாம்.