அழுத்த முடியாத பொத்தான்

ஊடாட்டக் கதை, அதாவது அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று வாசகரே தேர்ந்தெடுக்கும் கதை, எழுதுவதுதான் என் வேலை என்று சொன்னால், உடனே வரும் கேள்வி "அப்போ எத்தனை முடிவு எழுதுவீங்க?" என்பதுதான். கேட்பவர் மனதில் ஒரு கணக்கு ஓடுகிறது. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வழி, அப்படிப் பத்து இடம் என்றால் 1024 முடிவு. அத்தனையும் எழுதிக்கொண்டிருந்தால் பிழைக்க முடியாது. 1979-இல் வந்த எட்வர்ட் பேக்கர்டின் 'தி கேவ் ஆஃப் டைம்' புத்தகத்தில் 40 முடிவுகள் உண்டு. பிரிந்த கிளை பெரும்பாலும் பிரிந்ததுதான் என்பதால், எந்தப் பாதையில் போனாலும் கதை சீக்கிரமே முடிந்துவிடும். சாம் கபோ ஆஷ்வெல் 2015-இல் தேர்வுக் கதைகளின் வடிவங்களை வகைபிரித்தபோது, இப்படிப் பிரிந்துகொண்டே போகும் வடிவத்துக்கு 'டைம் கேவ்' என்று பெயர் வைத்தார். எங்கள் குழு எழுதுவது வேறு வகை. கிளைகள் பிரியும், கொஞ்ச தூரம் போய் ஒரு குறுகலான இடத்தில் வந்து சேரும், மறுபடி பிரியும். சேர்ந்த பிறகும் வாசகர் எந்த வழியாக வந்தார் என்பதைக் கதை மறக்கக் கூடாது. வாசகரின் தேர்வுகளைக் குறித்துவைக்கும் வேரியபிள்கள் அதற்குத்தான்.

எந்த வழியில் போனாலும் ஒரே வாசலில் வந்து நிற்பது மற்ற கதைகளில் எழுதியவரின் சோம்பலாகத் தெரியும். கொடுமையான ஆட்சிக்குள் அடைபட்ட கற்பனை உலகமான டிஸ்டோபியாவில் அந்தப் பழியை அரசாங்கத்தின் தலையில் போட்டுவிடலாம். வாசலைக் கட்டியது யார், அதற்கு ஏன் இவ்வளவு பூட்டு என்று வாசகரே கேட்க ஆரம்பிப்பார்.

இப்போது முடித்திருக்கும் கதை, பூமிக்கு அடியில் அடைபட்ட ஒரு நகரத்தில் நடக்கிறது. மூச்சுக்காற்று அங்கே அளந்து கொடுக்கப்படுகிறது. வழக்கம்போல இதற்கும் ஒரு உலக ஆவணம் இருந்தது. நகரம் எப்போது மூடப்பட்டது, எந்தத் துறைக்கு எந்த நிறச் சீருடை, காற்றுப் பங்கீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று எல்லாமே அதில் உண்டு. எழுதுகிறவர்களுக்கு அது தேவை. ஆனால் அதில் ஒரு பத்தியை எடுத்து அப்படியே கதைக்குள் வைத்தால், வெளியிடும் முன் ஆடிப் பார்க்கும் டெஸ்டர்கள் படிக்காமல் 'அடுத்து' பொத்தானை அழுத்திவிட்டுப் போகிறார்கள். வாசகர் நின்று, ஒவ்வொரு சொல்லாகப் படிக்கும் இடம் ஒன்றுதான்: எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று காட்டும் பட்டியல். உலகத்தை அங்கேதான் வைக்க வேண்டும்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். நாயகி காற்று வடிகட்டி ஆலையில் வேலை செய்கிறாள். அன்று லிஃப்ட் ஓடவில்லை. பதினோரு மாடி ஏறி, மூச்சிரைக்க வருகிறாள். வாசலில் இருக்கும் திரை, தாமதத்துக்குக் காரணம் கேட்கிறது. முதல் ஆப்ஷன் 'உடல்நலக் குறைவு'; பக்கத்திலேயே, இன்றைய காற்றுப் பங்கு மறுமதிப்பீடு செய்யப்படும் என்ற குறிப்பு. இரண்டாவது 'குடும்பக் காரணம்'. சம்பந்தப்பட்ட உறவினரின் எண்ணைத் தர வேண்டும். மூன்றாவது 'லிஃப்ட் பழுது'. அது சாம்பல் நிறத்தில் இருக்கிறது, அழுத்தினால் ஒன்றும் ஆகாது. அரசாங்கத்தின் லிஃப்ட் பழுதாகாது, அவ்வளவுதான்.

அந்தச் சாம்பல் வரியை எடுத்துவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது. தேர்ந்தெடுக்க முடியாததைக் காட்டி எரிச்சல் மூட்டுவானேன் என்பது வடிவமைப்பாளரின் வாதம், சாதாரணக் கதைக்கு அது நியாயமும்கூட. ஆனால் இங்கே அந்த எரிச்சல்தானே வேண்டும்? ஒரு நிமிடம் முன்புதான் வாசகர் அந்த மாடிகளை அவளோடு ஏறி வந்திருக்கிறார். உண்மை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, சொல்லத்தான் முடியவில்லை. இனி அவர் நகரத்தின் தணிக்கை விதிகளைப் பற்றி ஒரு வரி படிக்கத் தேவையில்லை. அந்தச் சாம்பல் வரி கதையில் தங்கிவிட்டது.

அப்புறம் இந்தப் 'புரட்சி' ஆப்ஷன். இந்த வகைக் கதைக்குப் புதிதாக எழுத வருகிறவர்கள் முதல் அத்தியாயத்திலேயே 'கட்டளைக்குப் பணி', 'எதிர்த்து நில்' என்று இரண்டு பொத்தான் வைத்துவிடுவார்கள். எதிர்த்து நில் என்பதைத்தான் எல்லோரும் அழுத்துவார்கள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சர்வாதிகாரியை எதிர்க்க யாருக்குக் கசக்கும்? விலை இல்லாத இடத்தில் அது தேர்வே இல்லை, தன்னை நல்லவர் என்று நினைத்துக்கொள்ள ஒரு வாய்ப்பு. லூகஸ் போப் 2013-இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' விளையாட்டில் நீங்கள் ஆர்ஸ்டாட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடி அதிகாரி. எத்தனை பேரின் ஆவணங்களைச் சரியாகப் பார்த்து முடிக்கிறீர்களோ அதற்கேற்பத்தான் கூலி. நாள் முடிவில் வீட்டுக்குச் சாப்பாடு, கணப்பு, மருந்து என்று ஒரு கணக்குத் தாள் வரும். கொடுங்கோன்மை எப்படிப்பட்டது என்று அங்கே யாரும் பேசிக்கொண்டிருப்பதில்லை. வரிசையில் ஒருவர் கெஞ்சும்போது உங்கள் கண் கடிகாரத்துக்குப் போகிறது. எனக்குத் தெரிந்து, எழுதுகிறவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கணக்குத் தாளைத்தான்.

நாங்கள் விலையை நாயகியின் மேல் வைக்கவில்லை. தனக்கு வரும் தண்டனையை வாசகர் வீரமாக ஏற்றுக்கொள்வார், அதில் ஒரு சுகமும் உண்டு. பக்கத்து அறையில் ஒரு வயதான அம்மா. பழைய வடிகட்டியை எப்படித் தட்டிச் சுத்தம் செய்து இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம் என்று சொல்லிக்கொடுப்பவர். அந்தத் தந்திரம் விளையாட்டில் நிஜமாகவே உபயோகப்படும், அதனால் வாசகர் அடிக்கடி அவரைத் தேடிப் போவார். பாசம் என்று எங்கேயும் நாங்கள் எழுதவில்லை. பிறகு ஒரு நாள், நாயகி வாய்திறந்து பேசினால் அந்த அம்மாவின் காற்றுப் பங்கு குறையும் என்று தெரியவரும்போது, டெஸ்டர்கள் அந்தத் திரையில் நெடுநேரம் நின்றுவிட்டார்கள்.

விசுவாசத்தை அளக்க ஒரு மதிப்பெண் வேண்டியிருந்தது. தேர்வுக் கதைகள் எழுத உதவும் 'சாய்ஸ்ஸ்கிரிப்ட்' மொழியில் இதற்கு ஒரு நல்ல முறை இருக்கிறது, ஃபேர்மேத் என்பார்கள். 20 சதவீதம் கூட்டச் சொன்னால், நூறுக்கு மீதம் இருப்பதில்தான் 20 சதவீதத்தைக் கூட்டும். 50-இல் இருப்பவர் 60-க்குப் போவார். 90-இல் இருப்பவருக்கு அதே நல்ல காரியத்துக்கு 92தான். குறைக்கும்போது இருப்பதிலிருந்து கழியும், 90 ஒரே அடியில் 72 ஆகிவிடும். எண்கள் நூறைத் தாண்டி ஓடிவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடுதான் இது. ஆனால் ஒரு டிஸ்டோபியாவுக்குள் வைத்ததும் அதற்கு வேறு முகம் வந்துவிட்டது. எவ்வளவு விசுவாசமாக இருந்தாலும் போதாது, மேலே போகப் போக விழுகிற பள்ளம் ஆழம். யாரும் விளக்காமலேயே டெஸ்டர்கள் அதைக் கண்டுபிடித்துப் புலம்பினார்கள். எனக்கு அன்று ரொம்ப சந்தோஷம்.

பின்னால் போகும் வசதியைப் பற்றித்தான் பெரிய சண்டை. கட்டளை தட்டச்சு செய்து ஆடும் பல ஆட்டங்களில் 'அன்டூ' என்று அடித்தால் ஒரு படி பின்னால் போகலாம். எங்கள் புரோகிராமருக்கு அதை எடுத்துவிட வேண்டும். செய்ததை அழிக்க முடிந்தால் பயம் எங்கே என்றார். எனக்கு அதில் சம்மதமில்லை. கை தவறி அழுத்துகிறவரைத் தண்டிப்பதால் கதையில் பயம் கூடாது, எங்கள் மேல் கோபம்தான் கூடும். கடைசியில் வசதி இருந்தது, விளைவுகளைத் தள்ளிப்போட்டோம். இரண்டாம் அத்தியாயத்தில் சொன்ன பதில் ஏழாம் அத்தியாயத்தில்தான் வந்து கதவைத் தட்டும். ஒரு படி பின்னால் போய் என்ன செய்ய?

தள்ளிப்போட்டால் இன்னொரு தொல்லை: எதனால் எது வந்தது என்று வாசகருக்கு மறந்துவிடும். பல விளையாட்டுகள் 'இவர் இதை நினைவில் வைத்துக்கொள்வார்' என்று மூலையில் காட்டும். எனக்கு அது பிடிக்காது, கதைக்கு வெளியே இருந்து எழுத்தாளர் கையைத் தூக்குவதுபோல் இருக்கும். அதனால் அந்தக் குரலை அரசாங்கத்திடமே கொடுத்தோம். ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் ஒரு வரி: 'தங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது. நன்றி.' என்ன குடித்தாள், எந்தப் படிக்கட்டில் இறங்கினாள் என்பதற்கெல்லாம்கூட அந்த நன்றி வரும். அவற்றில் பாதிக்கு எந்த வேரியபிளும் கிடையாது. எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று நாங்கள் சொல்வதில்லை. கொஞ்ச நேரத்தில் வாசகர் தேநீரைக்கூட யோசித்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்.

இன்ஃபோகாம் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட, ஸ்டீவ் மெரெட்ஸ்கி எழுதிய 'எ மைண்ட் ஃபாரெவர் வாயேஜிங்' இந்த வகையில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் ஆட்டம். அதில் வாசகர் ஒரு கணினி மனம். ஒரே ஊர், பத்து வருடத்துக்குப் பிறகு எப்படி இருக்கும், இன்னும் பத்து வருடம் போனால் எப்படி என்று பாவனை உலகத்துக்குள் நடந்து பதிவு செய்ய வேண்டும். புதிர்கள் மிகக் குறைவு. தெரிந்த தெரு கெட்டுப்போவதைப் பார்ப்பதுதான் ஆட்டத்தின் பெரும்பகுதி. எங்கள் கதையில் நாயகியின் அறைக்குப் போகும் தாழ்வாரத்தை நான் அதை நினைத்துத்தான் எழுதினேன். வாசகர் அதை எத்தனையோ முறை கடப்பார், நகரத்தின் நிலைமைக்கு ஏற்ப வரிகள் மாறும். புதிய இடங்கள் எழுதச் சொல்லி மேலிடத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு இடத்தை எட்டு விதமாக எழுதுவது எட்டு இடம் எழுதுவதைவிடக் கஷ்டம், வெளியே காட்டிக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது.

முடிவுகள் சிலதான், நகரம் விழும் முடிவு அதில் ஒன்றுகூட இல்லை. அதை எழுதிப் பார்த்தோம், அதுவரை வாசகர் கொடுத்த விலை எல்லாம் ஒரு நொடியில் இலவசமாகிவிட்டது.

இப்போதைக்குத் தீராமல் இருப்பது ஒரு சின்ன விஷயம். கதை முடிந்ததும், மற்ற வாசகர்கள் என்ன தேர்ந்தெடுத்தார்கள் என்று சதவீதம் காட்டுவது பல விளையாட்டுகளில் உண்டு. எங்கள் கதையில் அதையும் அரசாங்கமே, கதையின் நடுவில் காட்டுகிறது, எண்கள் பொய். பெரும்பாலான குடிமக்கள் பணிந்தார்கள் என்றுதான் எப்போதும் வரும். உண்மையான எண்களைக் கடைசியிலாவது காட்டிவிட வேண்டும் என்கிறார் புரோகிராமர், வாசகரிடம் நாம் பொய் சொல்லி அனுப்பக் கூடாதாம். காட்டினால் நகரத்துக்கு வெளியே ஒரு நேர்மையான கணக்காளர் இருப்பதாக ஆகிவிடும் என்பது என் கட்சி. டெஸ்டர்களுக்குப் போகும் அடுத்த பதிப்பில் இரண்டு விதமாகவும் போகிறது.