ஆறு லட்சம், 384 சதுரடி

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

அப்பத்தா வீட்டுக் கூரை ஓடுகளை இன்றைக்கு இறக்கி முடித்தோம். லாரி ஓட்டும் என் வீட்டுக்காரருக்குக் கிடைத்த நான்கு நாள் லீவும் இதற்கே போய்விட்டது. போன ஐப்பசி மழையில் மேற்குச் சுவர் சாய்ந்ததிலிருந்து பிள்ளைகளை அந்த அறையில் நான் படுக்க விடவில்லை. இதே இடத்தில் புது வீடு கட்டுவதை இனியும் தள்ளிப்போட முடியாது.

சீமை ஓட்டில் 612 முழுசாகத் தேறியது. ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்த்து அடுக்கினேன். நல்ல ஓடு கணீர் என்று ஒலிக்கும், கீறல் விட்டது மொத்தென்று இருக்கும். கீழே பிடித்து நின்ற அத்தை, "உடைக்காம இறக்குங்கப்பா, எங்க மாமியா நகையை வித்து மேஞ்ச ஓடு"ன்னு சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சேமிப்பு 2 லட்சத்து 10 ஆயிரம். சீட்டு எடுத்தால் 1 லட்சம். என் நகையை வைத்தால் 1 லட்சத்து 60 ஆயிரம், மகளிர் குழுவில் 80 ஆயிரம். ஆக மொத்தம் ஐந்தரை லட்சம். இதற்கு மேல் யாரிடமும் வட்டிக்குக் கைநீட்டுவதில்லை என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டோம்.

அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வருமா என்று விசாரித்தேன். அதில் 3.50 லட்சம் தருகிறார்கள், ஆனால் குடிசையில் இருப்பவர்களுக்கு. நம்முடையது ஓட்டு வீடு, பட்டியலில் வராது. அவர்களுக்கே முதலில் கிடைக்கட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தத் திட்டத்து வீடு ஒன்று பக்கத்துத் தெருவில் 360 சதுரடியில் நிற்கிறது. உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு அடுப்படி. ஒரு குடும்பம் நிம்மதியாக இருக்கலாம். அதைப் பார்த்த பிறகுதான் தைரியம் வந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காண்ட்ராக்ட் கேட்டால் சதுரடிக்கு 2,200 என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் எட்டரை லட்சத்தை நெருங்கும். அதனால் சாமான் நம்முடையது, ஆளுக்குத் தினக்கூலி என்று கொத்தனார் அண்ணனோடு பேசி முடித்தாயிற்று. கொத்தனாருக்கு 950, நிமிந்தாளுக்கு (கொத்தனாருக்குக் கூடமாட நிற்கும் ஆண்) 750, சித்தாளுக்கு 550. ஒரு சித்தாள் கூலி மிச்சம், அந்த வேலையை நான் செய்கிறேன். தையல் மெஷினைப் பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு மாற்றிவிட்டேன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஜாக்கெட் தைக்கலாம்.

இவருடைய சித்தப்பா மகன் டிப்ளமோ சிவில். 24க்கு 16 என்று வரைந்து கொடுத்து, ஆன்லைனில் சுயசான்று அனுமதிக்கும் அவனே பதிந்தான். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஆவணி 6, வாஸ்து நாள். ஈசானிய மூலையில் பூசை. அத்தைதான் முதல் மண் வெட்டினார்கள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி முடிந்தது. மூன்றடி போதும் என்றார்கள், நான் நாலடி கேட்டேன். எங்கள் பக்கம் செம்மண், கெட்டிதான். ஆனால் பழைய வீட்டுச் சுவர் இருந்த இடத்தில் மண் பொலபொலவென்று இருக்கிறது. மண்ணுக்குள் போகிற காசு கண்ணுக்குத் தெரியாது, அதனாலேயே எல்லோரும் அங்கே கையை இறுக்குகிறார்கள். என்னைக் கேட்டால் இறுக்கக் கூடாத இடமே அதுதான். டைல்ஸ் பத்து வருஷம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். அஸ்திவாரத்தை யார் திரும்பத் தோண்டுவது?

பழைய அஸ்திவாரத்தில் கிடந்த கருங்கல்லை எல்லாம் பொறுக்கிக் கழுவி வைத்திருந்தேன், பாதிக் கல்லுக்கு அதுவே ஆயிற்று.

செப்டம்பர் 4, வியாழன்

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு எம்சாண்ட் (கருங்கல்லை நொறுக்கிச் செய்யும் மணல்) கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார்கள். காலையில் ஒரு பிடி அள்ளி நனைத்துப் பிடித்துப் பார்த்தால் உள்ளங்கை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டுகிறது. கண்ணாடி பாட்டிலில் பாதி மணலும் மீதி தண்ணீருமாக ஊற்றிக் குலுக்கி வைத்தேன். ஒரு மணி நேரத்தில் மணலுக்கு மேலே ஒரு விரல் கனத்துக்கு மாவு படிந்து நிற்கிறது. அது எம்சாண்டே இல்லை, கிரஷர் டஸ்ட், கல் உடைக்கும்போது விழும் தூள். குழியில் நிரப்ப ஆகும், கலவைக்கு ஆகாது.

போன் பண்ணினால் "எல்லாரும் இதைத்தாங்க வாங்குறாங்க" என்கிறார்கள். டேப்பைப் போட்டு நீளம், அகலம், உயரம் அளந்து பெருக்கி நூறால் வகுத்தேன். மூன்று யூனிட்டுக்கு (யூனிட் என்றால் நூறு கன அடி) காசு வாங்கிக்கொண்டு இரண்டே முக்கால்தான் கொட்டியிருக்கிறார்கள். ஏப்ரலில் கனிம நில வரி வந்து, குவாரிக்காரர்கள் ஸ்டிரைக் எல்லாம் நடந்து, ஏற்கெனவே ஏறிய விலையில் கொடுத்த காசு இது. அழுகையே வந்துவிட்டது. நேரே போய் நின்று, பாட்டிலை மேஜை மேல் வைத்தேன். இரண்டு யூனிட் நல்ல மணல் மாற்றிக் கொடுத்தார்கள், முக்கால் யூனிட் டஸ்ட்டை அடித்தளம் நிரப்பப் போட்டுக்கொண்டோம். பகலில், நீங்கள் நிற்கும்போது மட்டும் லோடு இறக்கச் சொல்லுங்கள். கொட்டுவதற்கு முன்னாடி வண்டியிலேயே அளந்துவிடுங்கள்.

செப்டம்பர் 12, வெள்ளி

வாசல் நிலை வைத்தாயிற்று. இன்னும் ஐந்து நாளில் புரட்டாசி பிறந்துவிடும் என்று அத்தைக்கு ஒரே பரபரப்பு.

அப்பத்தா வீட்டு நிலை ஐந்தடிதான், குனிந்துதான் போக வேண்டும். அதைப் பின்வாசலுக்கு வைத்துக்கொண்டு, முன்வாசலுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் தேடினேன். செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வருகிற சாமானெல்லாம் அந்தத் தெருவில் கிடைக்கும். தூணும் பெரிய கதவும் நமக்கு எட்டாது. ஆனால் வேலைப்பாடு இல்லாத வெறும் நிலை, கம்பி வைத்த ஜன்னல், இதெல்லாம் மூலையில் சாத்தியிருப்பார்கள். தேக்கு நிலை, கதவு, மூன்று ஜன்னல் சேர்த்து 31,000. புதிதாகச் செய்தால் தேக்கை நினைத்தே பார்க்க முடியாது. வாங்குவதற்கு முன்னால் அடிப்பாகத்தை ஆணியால் குத்திப் பாருங்கள், கரையான் தின்றது உள்ளே பஞ்சாக இருக்கும்.

மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து மேலே கட்டினோம். பின்வாசல் நிலைக்கும் ஒரு முடிச்சுக் கட்டச் சொன்னார்கள் அத்தை. கட்டும்போது கை நடுங்கியது அவர்களுக்கு.

செப்டம்பர் 16, செவ்வாய்

எலிப்பொறிக் கட்டு என்று செங்கல் சுவர் கட்டும் முறை ஒன்று, அந்த விவகாரம். கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன், கேட்பவர்கள் நிறைய.

இவர் திருவனந்தபுரம் லோடு போகும்போதெல்லாம் தம்பானூரில் அந்த வட்டமான சிவப்புக் காபி ஹவுசில் டீ குடிப்பார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சுருள் சுருளாக மேலே ஏறிப் போகும், சுவர் முழுக்க ஓட்டை விட்டுக் கட்டியிருக்கும். அதைக் கட்டியது லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர். 1917இல் இங்கிலாந்தில் பிறந்தவர், இந்தியாவுக்கு வந்து கேரளத்தில் தங்கி, ஏழைகளுக்குச் செலவு குறைத்துக் கட்டிக் காட்டியவர், 2007இல் திருவனந்தபுரத்திலேயே இறந்தார். அவர் பரப்பிய முறைகளில் ஒன்றுதான் இது.

செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி வைப்பது. வெளிப்பக்கம் ஒரு கல், உள்பக்கம் ஒரு கல், நடுவில் மூன்று அங்குலம் வெற்றிடம். கல்லுக்குக் கல் ஒரு குறுக்குக் கல் போட்டு இரண்டையும் பிடித்துக்கொள்ளும். சுவர் அதே ஒன்பது அங்குலம்தான், ஆனால் கல் நாலில் ஒரு பங்கு குறைகிறது. நடுவில் காற்று நிற்பதால் வெயில் சூடு உள்ளே சட்டென்று இறங்காது.

கொத்தனார் அண்ணன் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "முப்பது வருஷமா கட்டுறேன் தாயி, பொக்கையாக் கட்டி நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம் பேருதான் கெடும்." அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சரி, முதலில் குளியலறைச் சுவரில் நாலடி கட்டிப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் பிரித்துவிடலாம், அந்தக் கூலி என்னுடையது என்றேன். கட்டினார். மறுநாள் காலையில் வந்து தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் பார்த்தால், நடுச் சந்தில் கலவை விழாமல் இருக்க மூன்று அங்குலத்தில் ஒரு பலகையை அவராகவே அறுத்து, கைப்பிடி அடித்து வைத்திருக்கிறார். அந்தச் சந்தை மூடிக்கொண்டு இரண்டு பக்கமும் கலவை போட்டு, பலகையை நகர்த்திக்கொண்டே போகிறார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூலை, நிலை ஓரம், முதல் வரிசை, லிண்டலுக்கு (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) கீழ் வரிசை எல்லாம் கெட்டியாகவே கட்டுகிறோம். கல் ஒரே அளவாக இருந்தால்தான் இது சரிப்படும், அதனால் சேம்பர் கல்தான் வாங்கினேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆகிறது என்று அறிவித்ததிலிருந்து, அன்றன்றைக்கு வேண்டிய மூட்டை மட்டும் வாங்கி ஓட்டினேன். நேற்று முதல் புது விலை. 340க்கு வாங்கிய மூட்டை இன்று 315. நூறு மூட்டைக்கு மேல் இன்னும் வேண்டியிருக்கிறது.

சுவருக்கு மொத்தம் 6,050 கல் ஆயிற்று. எட்டாயிரம் என்று மதிப்புப் போட்டிருந்தோம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை. கரணை, மணியாசுக்கட்டை, ரசமட்டம், அந்தப் பலகை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் படைத்தோம்.

அக்டோபர் 10, வெள்ளி

கான்கிரீட் கூரைத் தளம் போட்டாயிற்று. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, ஆனால் இதை இன்றைக்கே எழுத வேண்டும்.

அப்பத்தாவின் ஓடுகள் தளத்துக்குள் போய்விட்டன. தளத்தில் மேல்பாதிக் கான்கிரீட்தான் பாரத்தைத் தாங்கி அமுங்குகிறது, கீழே இழுவையைக் கம்பி பார்த்துக்கொள்கிறது. அப்போது கீழ்ப்பாதியில் கம்பிக்குக் கம்பி நடுவே இருக்கிற கான்கிரீட் வெறும் பாரம்தான். அந்த இடத்தில் ஓடுகளை வைத்துவிடலாம் என்பதும் பேக்கர் செய்து காட்டியதே. சித்தப்பா மகன் கம்பிக் கணக்குப் போட்டு, எந்தக் கட்டத்தில் வைக்கலாம், எங்கே வைக்கவே கூடாது என்று பென்சிலில் குறித்துத் தந்தான். அவன் இல்லாமல் இதில் நான் இறங்கியிருக்க மாட்டேன். நீங்களும் இஞ்சினியர் இல்லாமல் இறங்காதீர்கள்.

220 ஓடு, இரண்டு இரண்டாகக் கவிழ்த்து 110 ஜோடி. இரண்டு நாளாகத் தொட்டியில் ஊறவைத்திருந்தேன், இல்லாவிட்டால் கான்கிரீட்டின் தண்ணீரை ஓடு குடித்துவிடும். விடிகாலை நாலு மணிக்கு நானும் சித்தாள் அக்காவும் கம்பி மேல் ஏறி, கட்டத்துக்குக் கட்டம் வைத்தோம். மகள் டார்ச் பிடித்தாள். ஈர ஓடு விளக்கு வெளிச்சத்தில் ரத்தச் சிவப்பாக இருந்தது. எட்டு மணிக்கு மிக்சர் ஓடியது, மூன்று மணிக்கு முடிந்தது. இருபத்து ஒன்பது மூட்டை சிமெண்ட், முழுத் தளமாக இருந்தால் 36 என்று கணக்கு. எல்லோருக்கும் கறிச்சோறு வேண்டும்தான், புரட்டாசி வெள்ளி என்பதால் வடை பாயசத்தோடு போட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை பிடித்துக்கொண்டது. நேற்றே வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். ஒரு வாரமாகத் தளத்தில் பாத்தி கட்டி, குடம் குடமாக ஏற்றிக் கொண்டிருந்தேன், இனி வானம் பார்த்துக்கொள்ளும்.

நவம்பர் 2, ஞாயிறு

சென்ட்ரிங் பிரித்தார்கள். கடைசிப் பலகை விழுந்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். சாம்பல் நிறத் தளத்தில் வரிசை வரிசையாகச் சிவப்பு ஓடு. அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "மேஞ்ச மாதிரியே இருக்கு"ன்னு சொன்னார்கள். உள்கூரையைப் பூசப் போவதில்லை. அந்தக் காசும் மிச்சம், ஆனால் காசுக்காக மட்டும் அல்ல.

நவம்பர் 26, புதன்

பணம் தீர்ந்துவிட்டது. 5.50 லட்சத்தில் மீதி 4,300. உறை இறக்கிக் கக்கூஸ் முடிந்தது, வயரிங் முடிந்தது. தரையும் பெயிண்டும் வெளிப்பூச்சும் நிற்கின்றன. இவர் "கடன் வாங்கிடலாம், ஐம்பதாயிரம்தானே" என்றார் போனில். வேண்டாம் என்றேன். இரண்டு பேரும் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசிவிட்டோம். அப்புறம் வெளிப்பூச்சை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினோம். செங்கல் நன்றாக வெந்த கல், இடுக்கை மட்டும் கலவையால் தீற்றி அடைத்துவிட்டால் போதும்.

டிசம்பர் 14, ஞாயிறு

பொங்கல் தையல் வந்து குவிகிறது. ராத்திரி ஒரு மணி வரை மெஷின். தரைக்கான காசு இதிலிருந்துதான்.

ஆத்தங்குடிக்குப் போய்வந்தேன், கூடத்துக்கு மட்டும் தரைக்கல் வாங்க. செய்வதை நின்று பார்த்தேன். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு வண்ணச் சிமெண்ட் பாலைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் பூ அப்படியே நிற்கிறது, ஒன்றோடு ஒன்று கலப்பதில்லை. மேலே காய்ந்த கலவையைத் தூவி, ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டி, காயவைத்துத் தண்ணீரில் போடுகிறார்கள். கண்ணாடியைப் பிரிக்கும்போதுதான் அந்த மினுமினுப்பு. சூளை இல்லை, நெருப்பு இல்லை. ஓரம் லேசாகத் தட்டுப்பட்டதும் நிறம் மாறியதுமாக 130 சதுரடிக்குப் பொறுக்கி எடுத்தேன், விலையில் பாதியாகக் கொடுத்தார்கள். மற்ற அறைகளுக்குச் சிவப்புக் காவி போட்ட சிமெண்ட் தரை.

ஜனவரி 18, 2026, ஞாயிறு

தரை முடிந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டு, பழைய வேட்டியால் மூன்று நாளாகத் துடைக்கிறோம்.

ஜனவரி 29, வியாழன்

பால் காய்ச்சியாயிற்று. கொத்தனார் அண்ணனுக்கும் சித்தாள் அக்காவுக்கும் வேட்டி சேலை வைத்துக் கொடுத்தோம். மொத்தம் 5,97,400. கூடுதலாக வந்த 47 ஆயிரமும் தையல் காசு. நகை இன்னும் வங்கியில்தான் இருக்கிறது, ஆடிக்குள் மீட்க வேண்டும்.

கொத்தனார் அண்ணன் போகும்போது அந்தப் பலகையைக் கேட்டார். பக்கத்து ஊரில் ஒரு வீடு பேசியிருக்கிறாராம், அவர்களிடம் எலிப்பொறிக் கட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறாராம். மீதி 392 ஓடு வேலியோரம் அடுக்கி இருக்கிறது, வேண்டுமானால் அதிலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். தலையை ஆட்டினார்கள்.